எட்டுச் சனிக்கிழமைகள்: திருநெல்வேலியில் ஒரு நினைவாற்றல் வகுப்பு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்கு அருகில், ஒரு வீட்டின் மேல்மாடியில், சனிக்கிழமைகளில் பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை நடைபெறுகின்ற நினைவாற்றல் வகுப்பொன்றில் எட்டு வாரமும் தவறாமல் இருந்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கட்டணம் 6,000 ரூபாய். ஓர் அட்டைப்பெட்டியும் 200 வெற்று அட்டைகளும் அதற்குள் அடங்கும். வகுப்பில் 23 பேர் இருந்தோம். 14 பேர் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், மற்றவர்கள் ஐம்பதைக் கடந்தவர்கள். குறைகளையும் எழுதப்போவதால் வகுப்பின் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய வகுப்பு எதில் சேர்வதானாலும் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்து சேர்வதற்கு இது உதவட்டும்.

நான் சேர்ந்த காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். என் அம்மா தம் இறுதி நான்கு ஆண்டுகளில் என்னைத் தம் தங்கை என்று எண்ணியே கதைத்தார். எனக்கு இப்போது 54 வயது. மருந்தகம் ஒன்றில் மருந்தாளராக வேலை செய்கிறேன். கடந்த ஆவணி மாதத்தில், ஆறு வருடங்களாக மாதந்தோறும் பிறஷர் குளிசை வாங்க வருகின்ற ஒருவர் முன்னால் நின்றபோது, அவருடைய பெயர் வாய்வரைக்கும் வந்தது, சொல்ல வரவில்லை. அவர் மருந்துத் துண்டை நீட்டியதும் பெயரைப் பார்த்துச் சமாளித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. 'மறதியே இல்லாத மூளை' என்று அச்சிட்ட துண்டுப்பிரசுரம் ஒன்று அந்த வாரம் கையில் கிடைத்தது. அந்தப் பயத்தோடுதான் அந்தப் படிகளில் ஏறினேன்.

முதல் வகுப்பு மிக நன்றாக இருந்தது. ஆசிரியர் ஆளுக்கொரு வெற்றுத்தாளைக் கொடுத்து, பணப்பையைத் திறக்காமல் 1,000 ரூபாய்த் தாளின் முன்பக்கத்தை வரையச் சொன்னார். நாள் முழுவதும் அந்தத் தாளை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பவள் நான். பச்சை நிறம் என்று எழுதினேன், ஒரு பறவை இருக்கிறது என்று எழுதினேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. எல்லோரும் எழுதி முடித்தபின் தாளை எடுத்துப் பார்த்தோம்: றம்பொடைச் சுரங்கவழியும் ஒரு சிறு கிளியும் அங்கே இருந்தன. கிளி என்று எழுதியவர் ஒரேயொரு மாணவி. சுரங்கவழியை எழுதியவர் ஒருவருமில்லை. 1979 இல் நிக்கர்சன், அடம்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களிடம் அவர்களுடைய ஒரு சத நாணயத்தை வரையச் சொன்னபோதும் இதேதான் நடந்தது. தாளை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய நிறமும் எண்ணும் போதுமாக இருப்பதால் மற்றவற்றின்மேல் கண் பட்டும் கவனம் படுவதில்லை. கவனம் படாதது மூளைக்குள் பதியவும் இல்லை. பதியாததை மறந்துவிட்டேன் என்று சொல்வது பிழை. திறப்பை எங்கே வைத்தேன், அடுப்பை நிறுத்தினேனா என்று நாம் வீட்டில் தவிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இந்த இடத்தில் ஆசிரியர் நம்முடைய சொத்தொன்றைக் கைவிட்டுவிட்டார் என்பது என் மனக்குறை. வெளிநாட்டு நினைவுப் போட்டிகளைப் பற்றி அரை மணித்தியாலம் பேசியவர், ஒரே நேரத்தில் எட்டு விடயங்களிலும் நூறு விடயங்களிலும் மனத்தை வைத்துக் காட்டிய அட்டாவதானிகளையும் சதாவதானிகளையும் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. புலோலியில் பிறந்து, சென்னையில் திரு.வி.க.வுக்கு ஆசிரியராக இருந்த நா. கதிரைவேற்பிள்ளையைச் சதாவதானி என்ற பட்டத்தோடுதானே இன்றும் சொல்கிறோம்? அந்தக் கலைக்கு நம் முன்னோர் இட்ட பெயரில் நினைவு என்ற சொல்லே இல்லை. அவதானம் என்றால் கவனம். ரூபாய்த்தாள் சோதனை காட்டியதும் அதுவே.

இரண்டாம் வாரத்தில் சொல்லப்பட்ட குறுங்கால நினைவுபற்றிய பகுதியைச் சுருக்கமாகக் கடக்கலாம். மூன்று எழுத்துகளைக் காட்டி உடனே எண்களைப் பின்னோக்கி எண்ணவைத்தால், ஏறக்குறைய 18 செக்கனில் எழுத்துகள் பெரும்பாலும் போய்விடுகின்றன என்று பீற்றர்சன் தம்பதியினர் 1959 இல் காட்டினார்கள். அதை வகுப்பில் செய்துபார்த்தோம், அப்படியே நடந்தது. ஒரே நேரத்தில் மனத்தில் ஏழு வரையான உருப்படிகள் நிற்கும் என்று 1956 இல் உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் எழுதியதைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பிற்கால ஆய்வுகள் அதை நான்களவுக்குக் குறைத்துவிட்டன என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை நாம் மூன்று துண்டாக உடைத்துச் சொல்வது இந்த நெருக்கடிக்குள் அதை அடக்குவதற்காகத்தான்.

அதே சுவரில் இருந்த இன்னொரு வரைபடம்பற்றி நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் அதைப் பார்த்த பிள்ளைகளின் முகம் வாடியதை நான் கண்டேன். 'படித்ததில் 66 வீதம் ஒரே நாளில் மறந்துவிடும்' என்று அதன் கீழே எழுதியிருந்தது. இந்த எண் 1885 இல் ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மனியர் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. அவர் தம்மைத்தாமே சோதித்துக்கொண்ட ஒருவர். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனனம் செய்து, பின்னர் அதே வரிசையை மறுபடி மனனம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சப்படுகிறது என்று அளந்தார். 20 நிமிடத்துக்குப் பின் 58 வீதமும், ஒரு மணித்தியாலத்துக்குப் பின் 44 வீதமும், ஒரு நாளுக்குப் பின் 34 வீதமும், 31 நாள்களுக்குப் பின் 21 வீதமும் மிச்சப்பட்டது. அளக்கப்பட்டது மறுபடி படிக்கும்போது கிடைக்கும் நேர மிச்சம். படிக்கப்பட்டது பொருளே இல்லாத அசை. உயிரியல் பாடத்தில் இதயத்தின் நான்கு அறைகளை விளங்கிப் படித்த பிள்ளைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது நியாயமல்ல. அந்த வளைவில் உண்மையில் கவனிக்க வேண்டியது அதன் வடிவம்: முதல் மணித்தியாலங்களில் செங்குத்தாக விழுந்து, பின்னர் மெல்ல மெல்லச் சாய்கிறது. முதல் மீட்டல் அடுத்த மாதத்தில் வைப்பதற்குரியதன்று, அடுத்த நாளிலேயே வைப்பதற்குரியது. இதை எழுந்து நின்று சொன்னேன். ஆசிரியர் கோபிக்கவில்லை, அடுத்த கிழமை அந்த வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரிடம் எனக்கு மதிப்புக் கூடியது.

6,000 ரூபாய்க்கும் பெறுமதியான பகுதி மூன்றாம் வாரத்தில் தொடங்கியது. ஐந்து அறைகள் கொண்ட அட்டைப்பெட்டியை அன்றுதான் தந்தார்கள். அட்டையின் ஒரு பக்கத்தில் கேள்வி, மறுபக்கத்தில் விடை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். பிழைத்தால் முதலாம் அறைக்குத் திரும்பும். முதலாம் அறையை நாள்தோறும், இரண்டாம் அறையை இரு நாளுக்கொருமுறை, அப்படியே இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போய் ஐந்தாம் அறையை மாதமொருமுறை பார்க்க வேண்டும். 1970களில் செபஸ்தியான் லைட்னர் என்ற ஜேர்மன் எழுத்தாளர் பரவலாக்கிய முறை இது. நான் என் மருந்தகத்துக்கு வருபவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினேன்: முன்பக்கத்தில் 'நீலக் குடை, இடது கையில் தழும்பு', பின்பக்கத்தில் பெயர்.

இந்தப் பெட்டி வேலை செய்வதற்குக் காரணம், புத்தகத்தை மூடிவிட்டு மனத்திலிருந்து இழுத்தெடுக்கும் அந்தச் சில விநாடிகள்தாம். 2006 இல் றோடிகர், கார்ப்பிக்கி ஆகியோர் செய்த சோதனையில், ஒரு பந்தியை நான்கு முறை வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள்; ஒருமுறை மட்டும் வாசித்து, பின்னர் மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் அப்போது பின்தங்கியிருந்தார்கள். ஒரு கிழமை கழிந்தபோது நிலைமை தலைகீழானது. வாசித்துக்கொண்டேயிருந்தவர்களிடம் 40 வீதமும், எழுதிப் பார்த்தவர்களிடம் 61 வீதமும் எஞ்சியிருந்தன. பரீட்சைக்கு முதல்நாள் இரவு குறிப்புக் கொப்பியை ஐந்தாம் முறையாக வாசிக்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும், மண்டபத்தில் வினாத்தாளைத் திறந்ததும் ஒன்றும் வராமல் போவதும் இதனால்தான். கண்ணுக்குப் பழகியதை மனம் தெரிந்தது என்று எடுத்துக்கொள்கிறது. விடியப்புறம் எழுப்பிவிட்டு வாய்ப்பாட்டைப் பார்க்காமல் சொல்லவைத்த நம் அப்பாமாருக்கு இந்த ஆய்வெதுவும் தேவைப்படவில்லை என்றாலும், அவர்கள் செய்தது சரியானது.

பொருளின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டைகள் மிக மெல்லியவை. யன்னல் வெளிச்சத்தில் அட்டையை உயர்த்தினால் பின்பக்கத்து மை ஊறித் தெரிகிறது. விடையின் முதல் எழுத்து கண்ணில் பட்டுவிடுகிறது. இது சிறிய குறைபோலத் தோன்றும், ஆனால் விடையை மனத்திலிருந்து எடுப்பதற்காகவே உள்ள அட்டையில் விடை தெரிந்துவிட்டால் அந்த அட்டை பாழ். அடுத்த கிழமையே நான் தடித்த பிறிஸ்டல் போட் வாங்கி வெட்டிக்கொண்டேன். இரண்டு பெரிய தாளில் நூறு அட்டைக்கு மேல் வந்தது. பெட்டி மட்டும் நன்று, இன்றுவரை கிழியவில்லை.

ஐந்தாம் வாரத்தில் நிகழ்ந்ததை மருந்தாளர் என்ற முறையில் கண்டிக்கிறேன். வகுப்பின் முடிவில் வல்லாரைக் குளிசைப் போத்தல்கள் மேசைக்கு வந்தன. 'மூளையின் பத்திலொரு பங்கையே நாம் பயன்படுத்துகிறோம்' என்ற பழைய பொய்யும் கூடவே வந்தது. மூளையில் சும்மா கிடக்கும் ஒன்பது பங்கென்று எதுவுமில்லை. சிறு பகுதி பழுதுபட்டாலே பேச்சோ பார்வையோ போய்விடுவதைப் பாரிசவாத நோயாளிகளிடம் பார்க்கிறோம். வல்லாரைச் சம்பல் நல்ல உணவு, எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும். ஆனால் அது மறதியைப் போக்கும் என்பது இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. அந்தப் போத்தலுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம்பிடித்து, நேரத்தோடு படுத்து எழும்பலாம். பகலில் படித்தது ஆழ்ந்த நித்திரையின்போதே மூளையில் உறுதிப்படுகிறது என்பதற்குச் சான்று நிறைய உண்டு. அந்த வகுப்பில் நித்திரையைப் பற்றிப் பேச ஒதுக்கியது பத்து நிமிடம் மட்டும்.

இதைவிடப் பாரதூரமான குறையொன்று உண்டு. எங்களோடு ஒரு பெரியவர் இருந்தார். ஒரே வகுப்பில் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார், முந்திய கேள்வி அவருக்கு முற்றாக இல்லாமல் போயிருந்தது. ஆசிரியர் அவருக்கு இன்னும் அட்டைகள் கொடுத்தார். அது அட்டையால் தீரும் விடயமல்ல. பெயர் வாயில் நின்று பிறகு வருவது எல்லா வயதிலும் உள்ளது. சற்று முன் நடந்த நிகழ்ச்சியே இல்லாமல் போவதும், பழகிய பாதை பிடிபடாமல் போவதும் வைத்தியரிடம் காட்ட வேண்டியவை. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும், தடிமனுக்கும் சொறிக்கும் நாம் தாராளமாக விழுங்கும் குளோர்பெனிரமின் போன்ற குளிசைகளும் வயதானவர்களிடம் இத்தகைய குழப்பத்தை உண்டாக்கும். கண்டுபிடித்தால் இவற்றைச் சீர்செய்யலாம். கூட்டிச்செல்ல வந்த அவருடைய மகளிடம் படியடியில் நின்று இதைச் சொன்னேன். முதல் நாளே வகுப்பு சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

அம்மாவுக்கு வந்தது அல்சைமர் நோய். அது பெரும்பாலும் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதன் அயலையும் முதலில் தாக்குவதால் புதியவை பதியாமல் போகின்றன, பழையவை நெடுநாள் நிற்கின்றன. அந்தப் பகுதியின் வேலை என்னவென்று உலகம் அறிந்துகொண்டது ஹென்றி மொலய்சன் என்ற ஒருவரால். வலிப்பு நோயைத் தீர்ப்பதற்காக 1953 இல், தம் 27ஆம் வயதில், இரு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் அகற்றப்பட்ட அவர், 2008 இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் கொள்ள முடியாமலே வாழ்ந்தார். ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரமொன்றை வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தபோது, முன்பு செய்த நினைவே இல்லாமல், நாளுக்கு நாள் அவருடைய கை திருந்தியது. செயல் வேறிடத்தில் பதிகிறது. ஆசிரியர் இதை விளக்கியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பெயர் தெரியாத என் அம்மா, ஒரு பின்னேரம் நான் அவருடைய காலடியில் இருந்தபோது, என் கூந்தலை எடுத்து, சிக்கெடுத்து, மூன்று காலாகப் பிரித்து, ஒரு மயிரும் தளராமல் பின்னி முடித்துவிட்டு, முடிவில் நாடாவைத் தேடிக் கையை நீட்டினார். நான் பள்ளிக்கூடம் போன நாளில் நாடா இருந்த பக்கத்துக்கே அந்தக் கை போயிற்று.

வகுப்பின் சிறந்த நாள் ஆறாம் சனிக்கிழமை. நன்றாகத் தெரிந்த ஓரிடத்தை மனத்தில் வைத்து, அதற்குள் நடந்துபோய், நினைவில் வைக்க வேண்டியவற்றை இடத்துக்கொன்றாக வைத்துவிட்டு வரும் முறை அது. பழைய கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸின் பெயரால் சொல்லப்படுவது. 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பயிற்சி எதுவுமில்லாதவர்கள் நாளுக்கு அரை மணித்தியாலமாக 40 நாள்கள் இதைப் பழகியபின், 72 சொற்களில் சராசரியாக 26 ஐச் சொன்னவர்கள் 62 ஐச் சொன்னார்கள். மனிதமூளை இடத்தையும் வழியையும் விடாமல் பிடித்துவைப்பது; அந்தப் பலத்தின்மேல் பலசரக்குப் பட்டியலை ஏற்றுகிறோம். பிள்ளைகள் பலர் தங்கள் பள்ளிக்கூடத்தைத் தெரிவுசெய்தார்கள். நான் நல்லூர்க் கோயிலின் நான்கு வீதிகளையும் எடுத்தேன்.

என் பக்கத்தில் இருந்த அன்ரிக்கு 76 வயது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன அவருடைய வீடு இப்போது இல்லை. இராணுவம் காணியை விடுவித்தபோது போய்ப் பார்த்தவருக்கு வீடிருந்த இடத்தில் பற்றையும் கிணறும்தான் கிடைத்தன. அவர் அந்த வீட்டைத்தான் தெரிவுசெய்தார். ஆசிரியர் இருபது பொருள்களைச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்ட அன்ரி, படலையைத் தூக்கித் திறக்கும் பாவனையில் வலது கையை அசைத்து, முற்றத்தில் சீனியை வைத்தார், தலைவாசல் திண்ணையில் சவர்க்காரத்தை வைத்தார், சாமியறை மாடத்தில் தீப்பெட்டியை வைத்தார், குசினிக்குள் நுழையும்போது தலையைச் சற்றுக் குனிந்தார். அந்தக் கதவுநிலை தாழ்வானதாம். இருபதில் பத்தொன்பது வந்தது. வகுப்பில் அதற்கு மேல் எடுத்தவர் ஒருவருமில்லை, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் உட்பட.

"இருபதாவது எது அன்ரி?" என்று கேட்டேன்.

"தேங்காயெண்ணெய், பிள்ளை. கிணத்தடி முருங்கைக்குக் கீழ வைச்சனான். அங்க போகேக்க முருங்கை எந்தப் பக்கமெண்டு ஒரு தடுமாற்றம்."

நினைவு என்பது எடுத்துப் பார்க்கும் நிழற்படம் அன்று, ஒவ்வொரு முறையும் துண்டுகளிலிருந்து கட்டியெழுப்பப்படுவது என்று ஏழாம் வாரத்தில் படித்தோம். 1974 இல் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் ஆகியோர் ஒரே விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, ஒரு சாராரிடம் கார்கள் 'முட்டியபோது' என்றும், இன்னொரு சாராரிடம் 'மோதி நொருங்கியபோது' என்றும் கேட்டார்கள். ஒரு கிழமைக்குப் பின், நொருங்கிய என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகச் சொன்னார்கள். முட்டிய என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் அவ்வாறு சொன்னவர் 7 பேர். கேள்வியின் ஒரு சொல் உள்ளே போய் நினைவோடு சேர்ந்துவிடுகிறது. அதே இரவு அன்ரி கனடாவில் இருக்கும் தம் தம்பிக்கு அழைத்து முருங்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். முருங்கை குசினிக்குப் பின்னால் நின்றது, கிணற்றடியில் நின்றது கமுகு என்று தம்பி அடித்துச் சொல்லியிருக்கிறார். படமும் இல்லை, மரமும் இல்லை, கேட்பதற்கு அயலாரும் இல்லை.

விபரம் கேட்பவர்களுக்காக: படிக்கட்டு செங்குத்தானது, பிடிக்கக் கம்பியும் ஒரு பக்கம்தான், முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். மின்விசிறி இரண்டு, யன்னல் பக்கத்துக்குக் காற்று போதும். உயர்தரப் பிள்ளைகளுக்கு மூன்றாம், நான்காம், ஆறாம் வாரங்கள் மட்டுமே போதும். ஆனால் தனி வாரத்துக்குப் பணம் கட்டும் வசதி இல்லை. என்னைப்போல் பயந்து வருபவர்களுக்கு முதல் வகுப்பு ஆறுதல் தரும். வகுப்பு முடிந்து இரண்டு மாதமாகிறது. பெட்டியில் 140 பெயர்கள் இருக்கின்றன, 90க்கு மேல் ஐந்தாம் அறைக்குப் போய்விட்டன. பிறஷர் குளிசைக்கு வருபவர் போன மாதம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெயரைச் சொல்லி வரவேற்றேன்.

அன்ரி அடுத்த தொகுதிக்கும் பணம் கட்டியிருக்கிறார். அங்கே அந்த வீட்டுக்குள் போய்வர இரண்டு மணித்தியாலம் கிடைக்கிறதாம். தம்பி சொன்னதை அவர் ஏற்கவில்லை. தேங்காயெண்ணெய்ப் போத்தலை இப்போதும் கிணற்றடி முருங்கையின் கீழேதான் வைக்கிறார்.